பழைய டிவி வெஸ்டர்ன்களும் அவற்றுக்குப் படியளந்த விளம்பரங்களும்

#1 சலூன்கதவு

சினிமா வெஸ்டர்ன்களை, அதாவது அமெரிக்க மேற்கின் குதிரை, துப்பாக்கிக் கதைகளைப் பற்றி இங்கே பேசித் தீர்த்துவிட்டோம். ஜான் ஃபோர்டு, லியோனி, ஈஸ்ட்வுட் என்று ஆளாளுக்குப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. 1950களில் அமெரிக்க வீடுகளில் வாராவாரம் ஓடிய டிவி வெஸ்டர்ன்களைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதற்காக இந்த இழை.

கொஞ்ச நாளாக அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் விளம்பரம் வெட்டப்படாத பிரதி கிடைத்தால்தான் உட்காருகிறேன். டிவிடியில் வருகிற பிரதிகள் பளிச்சென்று இருக்கின்றன, சரி. ஆனால் கதாநாயகன் வசமாக மாட்டிக்கொள்ளும் இடத்தில் திரை இருண்டு, மறுநொடியே வெளிச்சம் வந்துவிடுகிறது. அந்த இருட்டு எதற்கு என்றே புதிதாகப் பார்ப்பவருக்குப் புரியாது. அங்கே ஒரு நிமிடம் யாரோ சிகரெட்டோ சோப்போ விற்றார்கள். கதாசிரியர் அந்த ஒரு நிமிடத்தை மனதில் வைத்துத்தான் காட்சியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

‘கன்ஸ்மோக்’ 1955 செப்டம்பரில் சி.பி.எஸ். சேனலில் தொடங்கியது. அத்தியாயத்தின் ஆரம்பத்தில் கதாநாயகன் மாட் டில்லன், மார்ஷல் என்கிற காவல் அதிகாரி, தெருவில் நின்று எதிராளியோடு துப்பாக்கி உருவுவார். சுடப்பட்டு விழும் அந்த ஆள் ஆர்வோ ஓஜாலா. நடிகர்களுக்கு வேகமாகத் துப்பாக்கி உருவக் கற்றுக்கொடுத்த வாத்தியாரே அவர்தான்! வாராவாரம் மாணவனிடம் தோற்றுச் செத்திருக்கிறார். அந்தப் புகை அடங்குவதற்குள் எல் அண்ட் எம் சிகரெட் பாக்கெட் திரைக்கு வந்துவிடும்.

1958-59 பருவத்தில் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட பத்து நிகழ்ச்சிகளில் ஏழு வெஸ்டர்ன்கள். முதல் நான்கு இடங்களும் அவற்றுக்கே: கன்ஸ்மோக், வேகன் ட்ரெயின், ஹேவ் கன் வில் டிராவல், தி ரைபிள்மேன். இவ்வளவு குதிரைகளுக்கும் தீனி போட்டது யார் என்பதுதான் என் கேள்வி. உங்களுக்குத் தெரிந்த தொடரையும் அதன் விளம்பரத்தையும் எழுதுங்கள்.

#2 கறுப்புவெள்ளை

நல்ல இழை. என் ஓட்டு ‘வாண்டட்: டெட் ஆர் அலைவ்’ தொடருக்கு. 1958 முதல் 1961 வரை, 94 அத்தியாயங்கள். ஸ்டீவ் மெக்குவீன் பெரிய நட்சத்திரம் ஆவதற்கு முன்பு, பரிசுப் பணத்துக்குக் குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கும் ஜாஷ் ராண்டலாக நடித்தது. ஸ்பான்சர்கள் இரண்டு பேர்: வைசராய் சிகரெட், க்ளீனெக்ஸ் தயாரிக்கும் கிம்பர்லி-கிளார்க். ஒருவன் இருமவைப்பான், இன்னொருவன் துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுப்பான்.

மெக்குவீன் அதே உடையில், அதே இடுப்புத் துப்பாக்கியோடு வந்து வைசராயைப் பற்ற வைத்துக்கொண்டு பேசுவார். கதை முடிந்ததா, விளம்பரம் தொடங்கிவிட்டதா என்று தெரியாது. அந்த மயக்கம் வேண்டும் என்றே செய்ததுதான்.

துப்பாக்கியையும் கவனியுங்கள். வின்செஸ்டர் ரைபிளின் குழாயையும் கட்டையையும் வெட்டிக் குட்டையாக்கிய சாதனம் அது. அதற்குள் போகும் தோட்டா சின்னது. இடுப்பு வாரில் சொருகியிருப்பதோ பெரிய .45-70 தோட்டாக்கள், பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று! ஒரு தோட்டாகூட அந்தத் துப்பாக்கிக்குள் நுழையாது.

#3 எட்டணா

எல்லோரும் ரசிக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். சிகரெட் விளம்பரத்துக்கு என்ன ஏக்கம்? எல் அண்ட் எம் 1950களில் டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து என்கிற தோரணையில் பில்டர் சிகரெட்டை விற்ற கம்பெனி. எட்டு வயதுப் பையன் தன் கதாநாயகன் வாயில் சிகரெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மெக்குவீன் 50 வயதில் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். இதைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

#4 கறுப்புவெள்ளை

எட்டணா, ஒரு திருத்தம். மெக்குவீன் இறந்தது 1980-ல், மீசோதீலியோமா என்ற நோயால். அதற்கு முக்கியக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் தூசு. சிகரெட் கணக்கில் அதை எழுத வேண்டாம். மற்றபடி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை.

#5 சலூன்கதவு

எட்டணா, கொண்டாடச் சொல்லவில்லை. வெட்டி எறிந்துவிட்டு அந்தக் காலத்தைச் சுத்தமாகக் காட்டாதீர்கள் என்கிறேன். விளம்பரத்தை எடுத்துவிட்டால் மாட் டில்லன் நீதிக்காக மட்டும் நின்றவர் ஆகிவிடுகிறார். அவர் எல் அண்ட் எம்முக்காகவும் நின்றார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அன்றைய பார்வையாளன் என்ன பார்த்தான் என்பது தெரியும்.

#6 ஓக்லஹோமா தாத்தா

பிள்ளைகளா, நீங்கள் எல்லாம் பிரதி தேடிப் பார்க்கிறீர்கள். நான் ஒளிபரப்பிலேயே பார்த்தவன். மேல்படிப்புக்காக 1968-ல் ஓக்லஹோமாவில் ஸ்டில்வாட்டர் வந்து இறங்கினேன். மாடியில் அறை கொடுத்த அம்மாவிடம் ஒரு கலர் டிவி இருந்தது. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு ‘பொனான்சா’. கிழக்குக் கடற்கரையில் அது ஒன்பது மணி, எங்களுக்கு எட்டு. அந்த நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கீழே வந்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம்.

வரைபடம் எரிந்து நடுவில் ஓட்டை விழும், அதன் வழியே கதையின் பண்ணைக்காரர்களான கார்ட்ரைட் குடும்பம் குதிரையில் வரும். அதை ஒளிபரப்பிய என்.பி.சி. சேனலின் முதலாளி ஆர்.சி.ஏ. கம்பெனி, கலர் டிவி பெட்டி செய்து விற்றவர்கள். 1959-ல் தொடர் ஆரம்பித்தபோது பெரிய வரவேற்பு இல்லை. ஆனாலும் ஆர்.சி.ஏ. அதைக் கைவிடவில்லை. டாஹோ ஏரியின் நீலமும் பைன் மரப் பச்சையும் கடை ஜன்னலில் ஓடினால்தானே பெட்டி விற்கும்! ஆக, அந்தத் தொடரே ஒருவகையில் கலர் டிவிக்கான விளம்பரம்தான்.

1961-ல் ஞாயிறு ஒன்பது மணிக்கு மாற்றினார்கள், செவர்லே கார் கம்பெனி ஸ்பான்சர் ஆனது. அதே நேரத்தில் அதுவரை செவர்லேக்காகப் பாடிக்கொண்டிருந்தவர் பாடகி டைனா ஷோர். அப்பாவாக நடித்த லார்ன் கிரீனும் பிள்ளைகளும் செவர்லே விளம்பரத்தில் தோன்றினார்கள். 1865-ல் குதிரை ஓட்டுகிறவர்கள் 1965 மாடல் காரை அறிமுகப்படுத்துவார்கள், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ‘பிவிச்ட்’ தொடரின் சூனியக்காரப் பெண்ணும் கணவரும் கார்ட்ரைட்களும் சேர்ந்து வந்த விளம்பரம்கூட உண்டு.

இன்னொன்று கவனித்தீர்களா? பிள்ளைகளில் ஹாஸ் எப்போதும் அதே பழுப்புக் கையில்லாச் சட்டை, லிட்டில் ஜோ எப்போதும் அதே பச்சை ஜாக்கெட். பணக்காரப் பண்ணைக்காரர்கள், மாற்றுச் சட்டை இல்லையா என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். ஒரே உடை என்றால் முன்பு எடுத்த குதிரைச் சவாரிக் காட்சியை எந்த வாரமும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்பது பின்னால் படித்துத் தெரிந்தது.

சிகரெட் பற்றி எட்டணா கேட்டார். டிவியில் அதன் கடைசி நாளையும் பார்த்தேன். தடைச் சட்டத்தில் ஜனாதிபதி நிக்ஸன் 1970 ஏப்ரலில் கையெழுத்திட்டார். அமலுக்கு வந்தது 1971 ஜனவரி 2. ஏன் ஜனவரி 1 இல்லை? புத்தாண்டு நாளில் பெரிய கால்பந்தாட்டங்கள் நடக்கும், கடைசியாக ஒருமுறை அள்ளிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னால் ‘டுநைட் ஷோ’வில் வர்ஜீனியா ஸ்லிம்ஸ் விளம்பரம் ஓடியது. அத்தோடு முடிந்தது.

#7 வேட்டைக்காரன்புதூரான்

தாத்தா, வணக்கம். அருமை. நான் லயன் காமிக்ஸ் வாசகன், டெக்ஸ் வில்லர் பக்தன். எனக்கு வெஸ்டர்ன் என்றாலே சிவகாசி அச்சு வாசனைதான். டிவி வெஸ்டர்ன் ஒன்றுகூடப் பார்த்ததில்லை, நம் ஊரில் எங்கே போட்டார்கள்?

ஒரு சந்தேகம். ஸ்பான்சர் என்றால் இப்போது “இணைந்து வழங்குவோர்” என்று பத்துப் பெயரைக் கடகடவென்று வாசிக்கிறார்களே, அப்படியா? ஒரே கம்பெனி எப்படி ஒரு தொடர் முழுவதையும் தாங்கியது?

#8 கறுப்புவெள்ளை

புதூரான், ஏற்பாடு வேறு மாதிரி. ரேடியோ காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. கம்பெனி தன் விளம்பர ஏஜென்சி மூலம் சேனலிடமிருந்து அரை மணி நேரத்தையே வாங்கிவிடும். அந்த நேரத்தில் என்ன ஓட வேண்டும் என்பதில் ஏஜென்சிக்குப் பெரிய அதிகாரம். தொடர் தயாரிப்புச் செலவு ஏற ஏற, ஒரு கம்பெனியால் தாங்க முடியவில்லை. அப்போதுதான் இரண்டு கம்பெனிகள் வாரம் மாற்றி வாரம் பொறுப்பெடுத்துக்கொள்ளும் முறை வந்தது. இந்த வாரம் வைசராய் பெரியவர், க்ளீனெக்ஸுக்கு ஒரே ஒரு விளம்பரம். அடுத்த வாரம் தலைகீழ். பழைய பிரதியில் முதலிலும் கடைசியிலும் யார் பெயர் பெரிதாக வருகிறது என்று பார்த்தால் அது யாருடைய வாரம் என்று சொல்லிவிடலாம்.

நம் ரேடியோவில் ‘ஹார்லிக்ஸ் சுசித்ராவின் குடும்பம்’ கேட்டவர்களுக்கு இது புரியும். நிகழ்ச்சியின் பெயரிலேயே பால்பவுடர் இருக்கும்.

பணம் கொடுத்தவர் வாயை மூடிக்கொண்டு இருப்பாரா? வெஸ்டர்ன் அல்லாத உதாரணம் ஒன்று, ஆனால் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 1959-ல் ‘பிளேஹவுஸ் 90’ நிகழ்ச்சியில் நூரம்பெர்க் விசாரணை நாடகம். ஸ்பான்சர்களில் ஒருவர் அமெரிக்க எரிவாயுச் சங்கம். நாஜிகளின் கேஸ் அறைகளைப் பற்றிப் பேசும்போது “கேஸ்” என்ற சொல் வருகிற இடமெல்லாம் ஒலியை அணைத்துவிட்டார்கள். நடிகரின் உதடு அசையும், சத்தம் வராது.

இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது வினாடி வினா ஊழலால். ஜெயிக்க வேண்டிய போட்டியாளருக்கு விடையை முன்பே சொல்லிக்கொடுத்தார்கள் என்பது வெளியே வந்தது. 1959 நவம்பரில் அப்படி ஜெயித்த சார்லஸ் வான் டோரன் காங்கிரஸ் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அதைக் காரணம் காட்டி சேனல்கள் நிகழ்ச்சிகளைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தன. அப்புறம் நிமிடம் நிமிடமாக விற்பனைதான். நீங்கள் சொல்லும் “இணைந்து வழங்குவோர்” அங்கிருந்து வளர்ந்தது.

#9 பாலைமணல்

இவ்வளவு பேசியும் ‘டெத் வேலி டேஸ்’ பெயர் வரவில்லையே! ஸ்பான்சர் தொடருக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதைவிட உதாரணம் எது?

அதன் ஸ்பான்சர் விற்றது போராக்ஸ், அதாவது வெண்காரம். நகை ஆசாரிகள் பற்றவைக்கப் பயன்படுத்துவார்களே, அதுதான். அமெரிக்காவில் அதைத் துணி வெளுக்கவும் விற்றார்கள். அந்த வெண்காரம் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் கிடைத்தது. 1883 முதல் 1889 வரை அதை மொஹாவி ரயிலடிக்குக் கொண்டுவர ஒரே வழி விலங்கு வண்டி. 165 மைல், பத்து நாள் பயணம். பத்து டன் சுமக்கும் இரண்டு பெரிய வண்டிகளைக் கோத்து, பின்னால் 1,200 கேலன் தண்ணீர்த் தொட்டியையும் கட்டியிருப்பார்கள். இழுக்க இருபது விலங்குகள். பதினெட்டுதான் கோவேறு கழுதைகள். வண்டியை ஒட்டிக் கட்டிய இரண்டு மட்டும் குதிரைகள். பெயர் மட்டும் இருபது கழுதைப் பூட்டு!

இந்த ஓட்டம் ஆறே ஆண்டில் நின்றுவிட்டது. ஆனால் கழுதைகள் ஓய்ந்த பிறகுதான் அவற்றுக்கு உண்மையான வேலையே வந்தது. வெண்காரக் கம்பெனி ‘இருபது கழுதைப் பூட்டு’ படத்தை வணிகச் சின்னமாக்கிப் பெட்டி மேல் அச்சடித்தது. அந்த விளம்பரத்துக்குப் பின்னால் இருந்த இளைஞர் ஸ்டீபன் மேத்தர். பின்னாளில் அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநர் ஆனவர் அவரேதான்.

1930-ல் கம்பெனி ரேடியோவில் நிகழ்ச்சி நடத்த விரும்பியது. நியூயார்க் விளம்பர ஏஜென்சியில் வேலை பார்த்த ரூத் உட்மன் என்ற பெண்ணிடம் எழுதும் பொறுப்பு வந்தது. அவர் ஆபீஸில் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. பாலைவனத்துக்கே போய், பழைய சுரங்கத் தொழிலாளிகளிடமும் மதுக்கடைக்காரர்களிடமும் உட்கார்ந்து கதை கேட்டார். அதனால்தான் அந்தத் தொடரில் துப்பாக்கிச் சண்டை குறைவு. பைத்தியக்காரத்தனமான நிஜ மனிதர்கள் அதிகம்.

1952-ல் டிவிக்கு வந்தது. ஊதுகுழல் சத்தம், பாலைவனத்தில் வளைந்து வரும் கழுதை வரிசை, அப்புறம் ‘ஓல்ட் ரேஞ்சர்’ ஸ்டான்லி ஆண்ட்ரூஸ் வந்து கதை சொல்வார். தொடரின் முதல் காட்சியே சோப்புப் பெட்டியின் மேல் இருக்கும் படம். விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று காட்டுங்கள் பார்க்கலாம்! நடுவில் ரோஸ்மேரி டிகேம்ப் வந்து துணி வெளுப்பது பற்றி அன்பாக இரண்டு வார்த்தை பேசுவார். பெட்டி மூடியை வெட்டி அனுப்பினால் கழுதை வண்டியின் பிளாஸ்டிக் பொம்மையும் தருவித்துக்கொள்ளலாம்.

எந்தச் சேனலையும் நம்பாமல் ஊர் ஊராக நிலையங்களுக்கு நேரடியாகக் கொடுத்தார்கள். அதனால் சேனல்காரர்கள் ஸ்பான்சரை ஓரம் கட்டிய பிறகும் 1970 வரை, 450 அத்தியாயங்களுக்கு மேல் ஓடியது.

#10 எட்டணா

பாலைமணல், முக்கியமான ஆளை விட்டுவிட்டீர்கள். 1964-ல் ஓல்ட் ரேஞ்சருக்குப் பிறகு அந்த நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க வந்தவர் ரொனால்ட் ரீகன். போராக்ஸோ சோப்புப் பொடியும் விற்றார். கலிபோர்னியா கவர்னர் தேர்தலுக்காக அதை விட்டார், 1966-ல் ஜெயித்தார். சோப்பு விற்ற குரலில்தான் ஓட்டும் கேட்டிருப்பார்.

சரி, அது போகட்டும். விளம்பரத்தை விட்டுவிட்டுத் தொடரைப் பேசுவோம். பூர்வகுடிகளை இந்தத் தொடர்கள் காட்டிய விதத்தை யாருமே தொடவில்லை. ‘புரோக்கன் ஆரோ’வில் அப்பாச்சித் தலைவர் கோச்சீஸாக நடித்த மைக்கேல் அன்சாரா சிரியாவில் பிறந்தவர். அன்றைய மாட்டுக்காரர்களில் கணிசமானோர் கறுப்பர்கள். திரையில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள்? ஏக்கத்தோடு பார்க்கிறோம் என்றால் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

#11 சலூன்கதவு

நியாயம். ஜே சில்வர்ஹீல்ஸ் மட்டும் விதிவிலக்கு. ‘லோன் ரேஞ்சர்’ தொடரில் முகமூடி நாயகனின் கூட்டாளி டோன்டோவாக நடித்தவர் நிஜமாகவே மோஹாக் இனத்தவர், கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்தவர். அவர் வாயில் உடைந்த ஆங்கிலத்தைத் திணித்தார்கள். பின்னாளில் பூர்வகுடி நடிகர்களுக்காகவே பயிற்சிப் பட்டறை தொடங்கினார்.

அவரைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விளம்பரம்தான். லார்க் என்ற சிகரெட் கம்பெனி தன் விளம்பரத்துக்கு ‘வில்லியம் டெல்’ இசையை எடுத்துக்கொண்டது. லோன் ரேஞ்சர் தொடரின் தொடக்க இசையும் அதுதான், அமெரிக்காவில் அதைக் கேட்டால் லோன் ரேஞ்சர் குதிரைதான் கண்ணில் வரும். தெருவில் போகிறவர்களிடம் உங்கள் பாக்கெட்டைக் காட்டுங்கள் என்று லார்க்காரர்கள் கேட்பார்கள். அதைக் கிண்டல் செய்து ஸ்டான் ஃபிரீபெர்க் ஜீனோஸ் பீட்சா ரோலுக்கு ஒரு விளம்பரம் எடுத்தார். அதில் ஒருவர் சிகரெட்டுக்குப் பதில் பீட்சா ரோல் பாக்கெட்டைக் காட்டுவார், பின்னணியில் அதே இசை. அப்போது முகமூடியோடு லோன் ரேஞ்சரே வந்து, அந்த இசையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும் என்பார். பக்கத்தில் டோன்டோ பீட்சா ரோலை நீட்டுவார். நடித்தவர்கள் அசல் கிளேட்டன் மூரும் சில்வர்ஹீல்ஸும். எட்டணாவுக்கே சிரிப்பு வரும்.

#12 திருச்சிதொப்பி

குழந்தைகள் பக்கத்துக்கு வருகிறேன். சிகரெட்டும் காரும் பெரியவர்கள் தொடர்களுக்கு. மாலை நேரத் தொடர்களில் காலை உணவுத் தானியக் கம்பெனிகளின் ராஜ்யம். லோன் ரேஞ்சருக்கு ஜெனரல் மில்ஸ், ராய் ரோஜர்ஸுக்கு போஸ்ட், வைல்ட் பில் ஹிக்காக்குக்கு கெல்லாக்ஸ்.

1947-ல், லோன் ரேஞ்சர் ரேடியோவில் ஓடிய காலத்தில், கிக்ஸ் தானியப் பெட்டி மூடியோடு 15 சென்ட் அனுப்பினால் ‘அணுகுண்டு மோதிரம்’ வரும். குதிரைக்காரனுக்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. மோதிரத்தின் மேல் குண்டு வடிவம். அதன் சிவப்பு வால் பகுதியைக் கழற்றி, இருட்டறையில் கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டு உள்ளே பார்த்தால் பொட்டுப் பொட்டாக ஒளி தெறிக்கும். ஏமாற்று இல்லை! உள்ளே நிஜமாகவே துளி பொலோனியம் இருந்தது. அதிலிருந்து வரும் ஆல்ஃபா துகள் துத்தநாக சல்ஃபைடு திரையில் மோதித்தான் அந்த ஒளி. பொலோனியத்தின் அரை ஆயுள் 138 நாள்தான், அதனால் இன்று ஏலத்தில் வரும் மோதிரம் எதுவும் ஒளிராது.

அடுத்தது இதற்கெல்லாம் அப்பன். ‘சார்ஜன்ட் பிரஸ்டன் ஆஃப் த யூகான்’. பனிநாட்டுக் கதை, கண்டிப்பாகப் பார்த்தால் வெஸ்டர்ன் ஆகாது, ஆனால் அதே பந்தியில் உட்கார்ந்த தொடர். ஸ்பான்சர் குவேக்கர் ஓட்ஸ். 1955-ல் கனடாவின் யூகான் பகுதியில் 19.11 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அதைச் சதுர அங்குலமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அழகாகப் பத்திரம் அச்சடித்து, பொரித்த கோதுமைப் பெட்டிக்குள் போட்டார்கள். 2 கோடியே 10 லட்சம் பத்திரம்! அமெரிக்கப் பையன் எல்லாம் யூகானில் நில உடைமையாளன்.

பத்திரம் எதுவும் தனித்தனியாகப் பதிவு செய்யப்படவில்லை. கடைசியில் 37 டாலர் 20 சென்ட் வரி பாக்கிக்காக 1965-ல் கனடா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது.

#13 வேட்டைக்காரன்புதூரான்

ஐயோ சாமி! ஒரு சதுர அங்குலத்துக்குப் பட்டா மாற்ற எந்த வி.ஏ.ஓ.விடம் போய் நிற்பது? வில்லங்கச் சான்றிதழ் பத்திரத்தை விடப் பெரிசாக இருக்கும். நாலு பக்கமும் நாலு பையன்கள், எல்லைக்கல் நடக்கூட இடம் இல்லை.

பத்திரம் இப்போது கிடைக்குமா, என்ன விலை?

#14 திருச்சிதொப்பி

கிடைக்கிறது. 2 கோடிக்கு மேல் அச்சடித்ததால் பெரிய விலை இல்லை. மடிப்பு இல்லாத காகிதமாகப் பாருங்கள். நிலம் கேட்டு யூகானுக்கு மட்டும் கடிதம் எழுதிவிடாதீர்கள். கேட்டு எழுதியவர்கள் நிறையப் பேர்.

#15 ஓக்லஹோமா தாத்தா

‘வேகன் ட்ரெயின்’ கதையையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டுக்கார அம்மா சொல்லி விழுந்து விழுந்து சிரித்தது. 1957-ல் ஃபோர்டு கம்பெனி ‘எட்சல்’ என்று ஒரு கார் கொண்டுவந்தது. அந்தத் தொடருக்கு எட்சல் பெயரில் ஸ்பான்சர். கார் விற்கவில்லை. உடனே ஒரு யோசனை: காட்சியறைக்கு வந்து காரை ஓட்டிப் பாருங்கள், குலுக்கலில் மட்டக்குதிரை பரிசு! குதிரை வேண்டாம் என்றால் பணம். பெற்றோர் எல்லாம் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். டவுன் வீட்டில் குதிரையை எங்கே கட்டுவது? எட்சல் 1959-ல் கடையைக் கட்டியது. வேகன் ட்ரெயின் 1965 வரை ஓடியது.

#16 கறுப்புவெள்ளை

இந்தப் பிரதிகள் எப்படித் தப்பின என்பதையும் பதிவு செய்ய வேண்டும். தொடர்கள் 35 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டன. நிலையங்களுக்குப் போனவை 16 மி.மீ. பிரதிகள். மறுஒளிபரப்புக்கு விற்கும்போது பழைய விளம்பரங்களை வெட்டிவிட்டுத்தான் கொடுத்தார்கள். முதல் ஒளிபரப்புக்கான பிரதி எங்காவது அலமாரியில் தங்கியிருந்தால் மட்டுமே விளம்பரம் தப்பும்.

ஓஹியோவில் ஒரு படச்சுருள் சந்தையில் அப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தகர டப்பாவைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி குப்பென்று வினிகர் நெடி. அசிடேட் சுருள் சிதையத் தொடங்கினால் வரும் நெடி அது, அடிக்கடி முகர்ந்தால் தலை வலிக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கதைப் பகுதி கறுப்பு வெள்ளை, துல்லியமாக இருந்தது. நடுவில் ஒட்டியிருந்த கார் விளம்பரம் மட்டும் கலர், ஆனால் நீலமும் பச்சையும் முழுக்கப் போய் வானம், புல், கார், ஆட்கள் எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. அந்தக் கால ஈஸ்ட்மன் கலரில் இது சகஜம். ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் மஞ்சளாகிப் பிசுபிசுத்தது. விற்பவர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

#17 எட்டணா

இளஞ்சிவப்பு விளம்பரத்துக்கும் விலை கேட்கிறார்களா, நல்லது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அரை மணித் தொடர் அப்போது 26 நிமிடம் ஓடியது. இப்போது 22-கூடத் தேறுவதில்லை. ஒரு ஸ்பான்சர் சிகரெட் விற்றாலும் கதையை நிம்மதியாகச் சொல்ல விட்டார். பத்து ஸ்பான்சர் வந்த பிறகு கதை சொல்லவே நேரம் இல்லை. இதற்காக எல் அண்ட் எம்முக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

#18 பாலைமணல்

எட்டணா, ஸ்பான்சர் போனதும் பார்வையாளர் கணக்கு ஆட்சிக்கு வந்தது. அதுவும் கருணை காட்டவில்லை. 1967-ல் கன்ஸ்மோக்கையே நிறுத்த முடிவு செய்தார்கள். சி.பி.எஸ். தலைவர் வில்லியம் பேலிக்குப் பிடித்த தொடர் என்பதால் தப்பித்துத் திங்கட்கிழமைக்குப் போனது. அதற்கு இடம் விட ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ பலியானது. பிறகு 1975 வரை, மொத்தம் 20 பருவங்கள், 635 அத்தியாயங்கள். பொனான்சாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஹாஸாக நடித்த டான் பிளாக்கர் 1972-ல் இறந்தார், தொடரைச் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளினார்கள், 1973 ஜனவரியில் முடிந்தது.

#19 வேட்டைக்காரன்புதூரான்

பெரியவர்களே, புது ஆள் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? கையில் இருப்பது சாதாரண நெட் கனெக்‌ஷன், ஆங்கிலம் சுமார்.

#20 சலூன்கதவு

‘மேவரிக்’கிலிருந்து ஆரம்பியுங்கள். ஜேம்ஸ் கார்னர், சீட்டாட்டக்காரன், சண்டை என்றால் நழுவப் பார்ப்பவன். மற்ற வெஸ்டர்ன்களைக் கிண்டல் செய்யும். கன்ஸ்மோக்கைக் கலாய்த்து ‘கன்-ஷை’ என்று 1959-ல் ஒரு அத்தியாயமே உண்டு. ஒரு அத்தியாயம் எடுக்கவே எட்டு நாள் ஆனதால், வாரம் ஒன்று கொடுக்க முடியாமல் ஜாக் கெல்லியை அண்ணன் தம்பிக் கணக்கில் இரண்டாவது நாயகனாகச் சேர்த்தார்கள். ஸ்பான்சர் கெய்சர் அலுமினியம், சமையலறை ‘பாயில்’, அதாவது உணவைச் சுற்றும் அலுமினியத் தாள் விற்றவர்கள். பீட்சா ரோல் விளம்பரம் எடுத்த அதே ஃபிரீபெர்க்தான் அவர்களுக்கும் விளம்பரம் எடுத்தார். மளிகைக்கடைக்காரர்கள் யாரும் பாயிலை வாங்கி வைக்க மறுக்கிறார்கள், விற்பனைப் பிரதிநிதி நொந்து சாகிறான் என்பதுதான் விளம்பரமே!

அப்புறம் ‘தி ரைபிள்மேன்’. 168 அத்தியாயங்கள், அப்பாவும் மகனும். கதை 1880களில் நடக்கிறது, சக் கானர்ஸ் சுழற்றுவதோ 1892 மாடல் வின்செஸ்டர். அதைக் கண்டுகொள்ளாமல் பாருங்கள்.

பொனான்சா இணையத்தில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஆரம்ப கால அத்தியாயங்கள் சில காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் பொதுவுடைமை ஆகிவிட்டன. ஆனால் தொடக்க இசைக்குக் காப்புரிமை இருக்கிறது. மலிவு டிவிடிக்காரர்கள் அதை எடுத்துவிட்டு ஏதோ ஒரு இசையை ஒட்டியிருப்பார்கள். வரைபடம் எரியும்போது காதில் விழுவது சம்பந்தமே இல்லாமல் இருந்தால் அந்தப் பிரதியை மூடிவிடுங்கள்.

#21 வேட்டைக்காரன்புதூரான்

மேவரிக் இரண்டு அத்தியாயம் பார்த்தாயிற்று. கார்னர் பிரமாதம், சீட்டை மறைக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் எனக்குக் கிடைத்தது வெட்டிய பிரதி. திரை இருண்டதும் பாயில் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. விளம்பரத்தோடு உள்ள பிரதி யாரிடமாவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள். தாத்தா, உங்களிடம் ஏதாவது?

#22 ஓக்லஹோமா தாத்தா

என்னிடம் டேப் எதுவும் இல்லை தம்பி, அப்போது பதிவு செய்ய யாரிடம் கருவி இருந்தது? கறுப்புவெள்ளையைப் பிடியுங்கள், அவர் அலமாரியில் இருக்கும். மேவரிக் முடிந்ததும் ‘ஹேவ் கன் வில் டிராவல்’ போடுங்கள். தலைவலி மாத்திரை அனாசின் ஸ்பான்சர் செய்தது. ஸ்டார் டிரெக் உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அதில் 24 அத்தியாயம் எழுதியிருக்கிறார்.